தடித்த நூலுக்கு அனுமதி, அரிச்சுவடிக்குத் தடை

சென்ற மாதம் எங்கள் வளாகத்தில் நடந்த ஆய்வரங்கு ஒன்றில், வரலாற்றுத் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் ருஷ்யப் பேரரசன் இரண்டாம் அலெக்சாந்தரைப் பற்றிப் பேசினார். பண்ணையடிமை முறையை ஒழித்தவர், நடுவர் குழுவோடு கூடிய நீதிமன்றங்களைத் தந்தவர், பல்கலைக்கழகங்களுக்குத் தன்னாட்சி வழங்கியவர். அவரைத்தான் 1881 மார்ச் 1 அன்று வெடிகுண்டு வீசிக் கொன்றார்கள். இவற்றை வரிசையாகச் சொல்லிவிட்டு, "சலுகை கொடுத்தால் எதிர்ப்புதான் வளரும், இதுவே பாடம்" என்று முடித்தார். அரங்கில் தலைகள் அசைந்தன. கேள்வி கேட்கக் கிடைத்த இரண்டு நிமிடத்தில் என்னால் எதையும் ஒழுங்காகச் சொல்ல இயலவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தப் பதிவு. நீளம் பொறுத்தருள்க. தேதிகள் அன்றைய ருஷ்ய நாட்காட்டியின்படி தரப்பட்டுள்ளன.

பேராசிரியரின் கருத்து புதியதன்று. மோசமான அரசுக்கு ஆபத்தான வேளை அது தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கும் வேளையே என்று பிரெஞ்சுப் புரட்சியை வைத்துத் தொக்வில் எழுதியது நம்மில் பலருக்கும் மனப்பாடம். ஆனால் ருஷ்யாவுக்கு அதைப் பொருத்தும்போது ஒரு காலவரிசையை நாம் ஆராயாமல் ஏற்றுக்கொள்கிறோம். முதலில் சீர்திருத்தக் காலம், பின்னர் மகன் மூன்றாம் அலெக்சாந்தரின் அடக்குமுறைக் காலம் என்று பாடநூல்கள் இரண்டு இயல்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. நான் மொழியியல் படித்தவன். மொழி பற்றிய ஆணைகளை மட்டும் எடுத்து வரிசைப்படுத்திப் பார்த்தால் அந்தப் பிரிப்பு நிற்பதில்லை. சீர்திருத்தச் சட்டமும் தடையாணையும் ஒரே ஆண்டுகளில், பல வேளைகளில் ஒரே அமைச்சரின் மேசையிலிருந்து புறப்பட்டிருக்கின்றன.

பண்ணையடிமை ஒழிப்பிலிருந்தே தொடங்கலாம். 1861 பிப்ரவரி 19 அன்று பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். ஊர்தோறும் கூத்தும் குடியுமாக இருக்கும் நாட்களில் வெளியிட்டால் கலகம் மூளும் என்றஞ்சி, தவக்காலம் பிறக்கும்வரை காத்திருந்து மார்ச் 5 அன்றுதான் தலைநகரில் அறிவித்தார்கள். தனியார் பண்ணைகளில் கட்டுண்டிருந்த இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கான செய்தி அது. அதன் இறுதி வடிவத்தை எழுதியவர் மாஸ்கோவின் தலைமைப் பேராயர் ஃபிலரேத். தேவாலயங்களில் பாதிரிமார் வாசித்துக்காட்டிய அந்தப் பிரகடனத்தின் நடை, திருச்சபை ஸ்லாவிய மொழியின் சாயல் கனத்துக் கிடந்த, வாக்கியங்கள் முடிவின்றி நீண்ட நடை. விடுதலை என்று கேள்விப்பட்டுக் கூடிய குடியானவர்கள் வாசித்து முடித்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிடைத்தது என்ன, எப்போது, எவ்வளவு நிலம், யாருக்குப் பணம் கட்டுவது? எதுவும் விளங்கவில்லை. உடன் வந்த சட்டத் தொகுப்போ பல நூறு பக்கம்.

கசான் மாகாணத்தில் பெஸ்த்னா என்றொரு சிற்றூர். அங்கே எழுத்தறிந்த குடியானவர் அந்தோன் பெத்ரோவ். சட்டத் தொகுப்பை அவரிடம் கொடுத்து, உண்மையான விடுதலை எங்கே எழுதியிருக்கிறது என்று தேடச் சொன்னார்கள் அயலூர் மக்கள். தேடினார். மாதிரிப் படிவமொன்றில் எண்கள் இட வேண்டிய இடத்தில் அச்சிட்டிருந்த சுழியங்களைக் கண்டு, பேரரசர் மறைவாகத் தந்த முழு விடுதலையின் குறி இதுவே என்று பொருள்கொண்டார். அந்தச் செய்தி பரவியது. ஆயிரக்கணக்கானோர் அவர் குடிசையைச் சூழ்ந்து நின்றனர். ஏப்ரல் 12 அன்று அப்ராக்சின் என்ற தளபதி படையோடு வந்து, கலையச் சொல்லி, கலையாத கூட்டத்தின்மீது மீண்டும் மீண்டும் சுடச் செய்தார். அரசுக் கணக்கிலேயே ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பெத்ரோவ் சட்டத் தொகுப்பைத் தலைமேல் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஒரே வாரத்தில் அவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

இந்நிகழ்வைப் பேரரசனை நம்பிய பேதை மக்களின் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது வாசிப்பைப் பற்றிய கதையாகப் படுகிறது. புரியாத மொழியில் உரிமையை எழுதி, அதை வாசிக்க முயன்றவனைக் கொன்ற கதை. நினைவில் வையுங்கள்: இது நடந்தது அடக்குமுறைக் காலத்தில் அன்று, சீர்திருத்தக் காலத்தின் இரண்டாம் மாதத்தில். இறந்தோருக்காகக் கசான் மாணவர்கள் நடத்திய வழிபாட்டில் உரையாற்றிய வரலாற்றுப் பேராசிரியர் ஷாப்போவ் கைதுசெய்யப்பட்டார். பல்கலைக்கழகமும் சிற்றூரும் ஒரே துயரில் சந்தித்துக்கொண்ட தொடக்க நிகழ்வுகளில் இது ஒன்று. சலுகை கண்டு கொழுப்பேறிப்போன கூட்டமா அது?

அதே 1861 தொடக்கத்தில் வேறொரு சிறு நூல் வெளிவந்தது. தராஸ் ஷெவ்சென்கோ, பண்ணையடிமையாகப் பிறந்து, 1838இல் 2500 ரூபிள் கொடுத்து நண்பர்களால் மீட்கப்பட்ட உக்ரைனியக் கவிஞர். 1847இல் நிக்கலாய் பேரரசன் அவரைப் படைவீரராக நாடுகடத்தியபோது, எழுதவும் வரையவும் கூடாதென்று தன் கைப்படக் குறித்தான். அந்தத் தண்டனையிலிருந்து மீண்ட கவிஞர் தம் வாழ்வின் கடைசி நாட்களில் வெளியிட்டது ஓர் அரிச்சுவடி. பத்தாயிரம் படிகள், விலை மூன்று கோப்பெக். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளுக்காக அதைத் தொகுத்தார். பிரகடனம் கையெழுத்தாகி ஒரு வாரத்தில், அது வெளியாகும் முன்பே, பிப்ரவரி 26 அன்று இறந்துபோனார். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகள் அனைத்தையும் அரசு மூடியது.

1863 ஜனவரியில் போலந்தில் கிளர்ச்சி வெடித்தது. ஜூலை 18 அன்று உள்துறை அமைச்சர் பியோத்தர் வலூயெவ் தணிக்கை அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். "சிறிய ருஷ்ய" மொழி என்று அரசு அழைத்த உக்ரைனிய மொழியில் இலக்கியப் படைப்புகளை அச்சிடலாம். சமய நூல்களும் கல்வி நூல்களும் பொதுமக்களின் தொடக்க வாசிப்புக்குரிய நூல்களும் கூடாது. அப்படியொரு தனிமொழி இருந்ததுமில்லை, இல்லை, இருக்கவும் முடியாது என்ற கூற்றும் அதில் இடம்பெற்றது. அமைச்சர் அதைத் தம் கருத்தாகச் சொல்லவில்லை, அம்மக்களுள் பெரும்பான்மையோரின் கருத்தாகச் சொன்னார். வழக்குமொழி பற்றிய தீர்ப்பை வேறு யாருடைய வாயிலோ வைத்துச் சொல்லும் இந்த உத்தியை நம் துறையினர் எளிதில் இனங்காண்பர்.

எதிர்த்தவர் இருந்தார். கல்வி அமைச்சர் கலோவ்னின், ஒரு நூலைத் தடைசெய்ய அதன் கருத்து காரணமாகலாம், மொழி காரணமாகாது என்று எழுதினார். அறிவியல் கழகமோ அதற்கு முந்தைய ஆண்டே, மொராசெவ்ஸ்கி செய்த உக்ரைனிய நற்செய்தி மொழிபெயர்ப்பை ஆய்ந்து பாராட்டியிருந்தது. இரண்டுக்கும் பயனில்லை. மொழி இல்லை என்று அமைச்சரகம் முடிவுசெய்துவிட்டது, மொழியறிஞர்கள் ஆம் என்றாலும் அந்த மொழி இல்லைதான்!

இந்த வலூயெவ் பிற்போக்கின் உருவம் என்று நினைத்தால் தவறு. அதே 1863இல், அரசவையில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு இடம் தர வேண்டுமென்று பேரரசனுக்குத் திட்டம் கொடுத்தவர் அவரே. 1864இல் வந்த ஜெம்ஸ்த்வோ என்னும் உள்ளாட்சி மன்றச் சட்டம் அவருடைய அமைச்சகத்தின் வழியே வந்தது. 1865இன் அச்சகச் சட்டமும் அப்படியே. பிற்காலத்தில் நாவல்கூட எழுதினார், அவ்வளவு நயமான மனிதர். ஆகவே நல்லவர் ஒருபுறம், கெட்டவர் மறுபுறம் என்ற பிரிப்பு இங்கே உதவாது. ஒரே மனிதர் ஒரு கையால் உள்ளாட்சியைத் திறந்து, மறுகையால் அரிச்சுவடியை மூடினார். அவருக்கு அதில் முரண் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

முரண் இல்லை என்பதை அந்த 1865 அச்சகச் சட்டமே காட்டிவிடுகிறது. தலைநகரங்கள் இரண்டிலும், பத்து அச்சுத் தாள்களுக்கு, அதாவது சுமார் 160 பக்கங்களுக்குக் குறையாத மூலநூல்கள் முன்தணிக்கையிலிருந்து விலக்குப் பெற்றன. மொழிபெயர்ப்பாயின் இருபது தாள்கள். மெலிந்த நூலுக்குத் தணிக்கை, தடித்த நூலுக்குச் சுதந்திரம். காரணம் வெளிப்படையானது: தடித்த நூலை வாங்குபவன் பணம் படைத்தவன், ஏற்கெனவே படித்தவன், அவனால் ஆபத்தில்லை. இந்த ஏரணம் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்ததென்றால், 1872இல் மார்க்ஸின் மூலதனம் ருஷ்ய மொழியில் வந்தபோது, சிலரே படிப்பார்கள், அதனினும் சிலருக்கே புரியும் என்று கருதித் தணிக்கையாளர் விட்டுவிட்டார்கள். பிறமொழியில் அந்நூலின் முதல் பெயர்ப்பு அதுதான். மூன்று கோப்பெக் அரிச்சுவடியைக் கண்டு நடுங்கிய அரசு மூலதனத்தைக் கண்டு கொட்டாவி விட்டது.

என் கருத்தின் மையம் இதுவே. ஜார் அரசு அஞ்சியது கருத்தைவிடவும் வாசகனைத்தான். சீர்திருத்தங்கள் அனைத்தும், போர்ப்படை முதல் நீதிமன்றம்வரை, எழுத்தறிந்த குடிமக்களை வேண்டி நின்றன. கிரிமியப் போரின் தோல்வி அந்தத் தேவையைக் காட்டிவிட்டிருந்தது. ஆனால் எழுத்தறிந்தவன் எதை, எந்த மொழியில், எந்த எழுத்தில் வாசிப்பான் என்பதைத் தானே முடிவுசெய்ய விழைந்தது அரசு. எதிர்ப்பு பிறந்தது இந்த இடைவெளியில். தாராளம் மிகுந்ததால் பிறந்தது என்பது என்னால் ஏற்கக்கூடிய விளக்கமன்று.

லிதுவேனியாவில் இது இன்னும் துலக்கம். அங்கே மொழியைத் தடைசெய்யவில்லை, எழுத்தைத் தடைசெய்தார்கள். 1864இல் வில்னாவில் ஆளுநர் முராவியோவ் தொடங்கி, 1865இல் வலூயெவ் பேரரசு முழுமைக்கும் விரித்த ஆணைப்படி, லிதுவேனிய மொழியை இலத்தீன் எழுத்தில் அச்சிடக் கூடாது, சிரில்லிக்கில்தான் அச்சிட வேண்டும். போலந்தின் செல்வாக்கிலிருந்து குடியானவரைப் பிரித்தெடுப்பது நோக்கம். ஸ்லாவிய மொழியறிஞர் ஹில்ஃபர்திங் போன்றோர் இந்த எழுத்து மாற்றத்தை நல்லெண்ணத்தோடு பரிந்துரைத்தனர் என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. நம் துறைக்கும் இதில் பங்குண்டு.

மக்கள் சிரில்லிக் நூலைத் தொடவில்லை. கத்தோலிக்கருக்கு அந்த எழுத்தே ருஷ்யத் திருச்சபையின் வாடை வீசியது. ஆயர் மொத்தியேயுஸ் வலான்சியுஸ் வேண்டுகோள்கள் எழுதி, எல்லைக்கு அப்பால் ஜெர்மானியர் ஆண்ட கிழக்குப் பிரஷ்யாவில் அச்சிட ஏற்பாடு செய்தார். தில்சித் நகரத்து அச்சகங்களிலிருந்து வழிபாட்டு நூல்களும் பஞ்சாங்கங்களும் அரிச்சுவடிகளும் மூட்டைகளில் இரவோடிரவாக எல்லை கடந்தன. அவற்றைச் சுமந்தவர்களுக்கு லிதுவேனிய மொழியில் நூல்சுமப்போர் என்றே பெயர். பிடிபட்டால் சிறை அல்லது சைபீரியா, எல்லைக் காவலரின் குண்டும் உண்டு. யுர்கிஸ் பியலினிஸ் என்பவர் பல்லாண்டுகள் இதையே தொழிலாகச் செய்தார். அவருடைய பிறந்தநாளான மார்ச் 16 இன்று அந்நாட்டில் நூல்சுமப்போர் நாள். முதலில் செபநூல்களைச் சுமந்த அதே தடத்தில் 1883 முதல் அவுஷ்ரா இதழும் 1889 முதல் வார்பஸ் இதழும் வந்தன. செபநூலைச் சட்டப்படி வாங்க முடிந்திருந்தால் அந்தத் தடமே இருந்திராது. தடத்தைப் போட்டுக்கொடுத்தது தடைதான். 1897 மக்கள்தொகைக் கணக்கில் பேரரசின் எழுத்தறிவு 21 விழுக்காடு; லிதுவேனியர் நிறைந்த கோவ்னோ மாகாணத்தின் அளவு அதைவிட மிக உயர்ந்திருந்தது. பள்ளியைப் புறக்கணித்த தாய்மார் வீட்டில் இராட்டை அருகே பிள்ளைகளை வைத்துக்கொண்டு கற்பித்ததில் விளைந்தது அந்தக் கணக்கு.

இங்கே ஒரு சிறு செய்தி, மொழியியல் மாணவர்களுக்காக. தடை முழுவேகத்தில் இருந்த 1880 முதல் 1882 வரை, யுஷ்கா உடன்பிறப்புகள் தொகுத்த லிதுவேனிய நாட்டார் பாடல்கள் கசான் நகரில் இலத்தீன் எழுத்திலேயே அச்சாயின. அறிவியல் ஆய்வுக்கு என்று கூறிப் பெற்ற சிறப்பு அனுமதி. இந்தோ-ஐரோப்பிய ஒப்பிலக்கணத்துக்கு லிதுவேனியன் எத்துணை இன்றியமையாதது என்பது அறிந்ததே. அறிஞன் மேசையில் அதே எழுத்து அறிவியல், உழவன் மடியில் அதே எழுத்து குற்றம். தடித்த நூலின் நியாயந்தான் இதுவும்.

உக்ரைனுக்கு 1876இல் இரண்டாவது அடி. ஜெர்மனியின் எம்ஸ் நகரில் நீரூற்றுச் சிகிச்சைக்குச் சென்றிருந்த பேரரசன் மே 18 அன்று அங்கிருந்தே கையெழுத்திட்டான். வெளிநாட்டில் அச்சிட்டவற்றின் வரவு, மொழிபெயர்ப்புகள், மேடை நாடகம், இசையோடு அச்சிடும் பாடல் வரிகள் ஆகிய எல்லாவற்றுக்கும் தடை. எஞ்சிய இலக்கியத்தையும் ருஷ்ய எழுத்துக்கூட்டலில்தான் எழுத வேண்டும். புவியியல் கழகத்தின் கீவ் கிளை மூடப்பட்டது. முன்னமே பதவி பறிக்கப்பட்ட கீவ் பேராசிரியர் திராகோமானோவ் ஜெனீவா சென்று இதழ் நடத்தினார். அச்சகமும் கற்றோர் கழகமும் ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த லெம்பெர்க்கில் செழித்தன. பேரரசின் எல்லைக்குள் நாட்டார் வழக்காற்றியல் பேசிக்கொண்டிருந்தவர்களை எல்லைக்கு வெளியே அரசியல்வாதிகளாக்கிய ஆணை அது.

மறுப்பு ஒன்றை நானே எழுப்பிக்கொள்கிறேன். புரட்சிக்கு மொழித்தடையே காரணம் என்கிறேனா? இல்லை. 49 ஆண்டுகள் கட்ட வேண்டிய நிலமீட்புப் பணமும் சுருங்கிய நிலமும் கோடிக்கணக்கானோரை வாட்டின. அவற்றோடு ஒப்பிட்டால் எழுத்துக்கூட்டல் சிறிய விவகாரம். மேலும் புரட்சியாளர் பலர் மொழியுரிமையைப் பொருட்படுத்தவுமில்லை. மக்கள் விருப்பம் அமைப்பின் தலைவர்களுள் ஒருவரான அந்திரேய் ஜெல்யாபொவ் பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்தவர், ஒதெஸா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றவர், மாணவர் கிளர்ச்சிக்காக வெளியேற்றப்பட்டவர், 1881 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டவர். அவர் ருஷ்ய மொழியில்தான் புரட்சி செய்தார். ஆயினும் அந்த வாழ்க்கைக் குறிப்பைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கதவைத் திறந்து உள்ளே விட்டதும் அரசு, படியேறும்போது பிடித்துத் தள்ளியதும் அரசு. மொழியாணைகள் எனக்குக் காட்டுவது இந்த இயக்கமுறையையே. அவை நோயறியும் குறிகள்.

அரசுக்கு மொழிகளின்மீது வெறுப்பு என்றும் சொல்லிவிட முடியாது. வோல்கா ஆற்றங்கரையில் இல்மின்ஸ்கி என்ற அறிஞர் தாத்தார், சுவாஷ் முதலியோர்க்குத் தாய்மொழியில் கிறித்தவக் கல்வி தந்தபோது அரசு ஆதரித்தது. சிம்பிர்ஸ்க் நகரத்துச் சுவாஷ் பள்ளிக்குத் துணைநின்ற பள்ளி ஆய்வாளர் இல்யா உல்யானொவ், லெனினின் தந்தை. தொலைவிலுள்ள மொழி கருவியாகப் பயன்படும், நெருங்கிய மொழிதான் ஆபத்து. 1897 கணக்கெடுப்பில் உக்ரைனியமும் பெலாருசியமும் "ருஷ்யன்" என்ற தலைப்பின் உட்பிரிவுகளாகவே எண்ணப்பட்டன. மொழியா, வட்டார வழக்கா என்ற வினா வகுப்பறையில் நமக்கு ஒலிமாற்ற விதிகளைப் பற்றியது. கணக்கெடுப்பாளன் கையில் அது வேறு பொருள் பெறுகிறது.

1881க்குப் பின் நடந்தவை பலரும் அறிந்தவை, விரைந்து கடக்கிறேன். ஆலோசனைக் குழுக்களில் தேர்ந்தெடுக்கப்பட்டோரையும் சேர்க்கும் லோரிஸ்-மெலிக்கொவின் திட்டத்துக்குப் பேரரசன் ஒப்புதல் தந்தது கொலையுண்ட அன்று காலையில். புதிய பேரரசன் அதைக் கைவிட்டான். ஆகஸ்டில் மூன்றாண்டுகளுக்கென்று கொணர்ந்த நெருக்கடிநிலைச் சட்டம் புதுப்பிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு 1917 வரை வாழ்ந்தது. 1884இல் பல்கலைக்கழகத் தன்னாட்சி போயிற்று, 1887இல் சமையற்காரியின் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளியில் சேர்க்காதீர் என்ற பொருளில் சுற்றறிக்கை வந்தது. 1901 தொடக்கத்தில் கீவ் பல்கலைக்கழக மாணவர் 183 பேரைத் தண்டனையாகப் படையில் சேர்த்தார்கள். அடுத்த மாதமே கல்வி அமைச்சர் பகலேப்பொவை முன்னாள் மாணவர் ஒருவர் சுட்டார். இந்த இருபது ஆண்டுகளில் சலுகை எங்கே இருந்தது என்று பேராசிரியரைக் கேட்டிருக்க வேண்டும். பேராசிரியரின் சூத்திரப்படி எதிர்ப்பு ஒடுங்கியிருக்க வேண்டிய ஆண்டுகள் இவை.

லிதுவேனிய எழுத்துத்தடை 1904இல் நீங்கியது, ஜப்பானோடு போர் தொடங்கிய சில மாதங்களில். உக்ரைனியத்தைப் பற்றி அறிவியல் கழகத்தின் கருத்தை அரசு கேட்டது. கோர்ஷ் தலைமையில் அமைந்த குழுவில் ஷாக்மத்தொவ், ஃபோர்துனாத்தொவ், இந்தியவியலாளர் செர்கேய் ஓல்டன்பர்க் ஆகியோர் இருந்தனர். நம் பாடத்திட்டத்தில் வரும் பெயர்கள். 1905 பிப்ரவரியில் கழகம் ஏற்ற அவர்களின் அறிக்கை, அம்மக்களுக்குத் தம் மொழியில் பேசவும் அச்சிடவும் உரிமை உண்டென்றும் தடைகள் நீங்க வேண்டுமென்றும் தெளிவாகச் சொன்னது. ஓசைபடாத, சான்றுகளால் நிறைந்த அறிக்கை அது. ஆனால் இரத்த ஞாயிறு ஒரு மாதத்துக்கு முன்பே நடந்துமுடிந்திருந்தது. வலூயெவின் சுற்றறிக்கைக்கு அப்போது வயது 41. மொராசெவ்ஸ்கியின் நற்செய்தி அவர் இறந்து பல ஆண்டுகள் கழிந்தே அச்சேறியது.

யுஷ்காவின் பாடல் தொகுப்பு வெளிவரக் கசானில் உதவியவர் ஒரு போலந்துக்காரர், யான் போதுவான் த கூர்த்தனே. குருஷெவ்ஸ்கியோடு சேர்ந்து ஒலியன் என்ற கருத்துக்கு உருக்கொடுத்தவர். முதலாம் பருவத்திலேயே அவர் பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். எந்த மொழியும் எந்த மொழிக்கும் மேலில்லை என்று நெடுநாள் எழுதிவந்தவர் அவர். 1913இல் பேரரசின் தேசிய இனங்களின் தன்னாட்சி குறித்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். சிறுநூல்தான், தடித்த நூலன்று. அதற்காக அவருக்கு இரண்டாண்டுச் சிறை விதித்தார்கள். அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது வயதில் சில மாதங்கள் சிறையிலிருந்தார், பேராசிரியர் பதவியையும் இழந்தார். என் முதுகலைப் பாடநூலில் அவருக்கு ஒதுக்கியிருந்த இரண்டரைப் பக்கங்களில் இந்தச் செய்தி இல்லை.